கைத்துப்பாக்கி ஏன் சிக்குகிறது? பராமரிப்பு, சாதனங்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுடுதளத்தில் புதியவர்களுக்குக் கற்றுத்தரும்போது ஒரே சந்தேகங்கள் வெவ்வேறு முகங்களில் என்னிடம் வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே திரட்டியிருக்கிறேன். முறையான உரிமத்துடன், பொழுதுபோக்காகவோ போட்டிக்காகவோ சுடுபவர்களுக்கான பக்கம் இது. உங்கள் துப்பாக்கியின் கையேடு இங்கே உள்ளதற்கு மாறாக ஏதேனும் சொன்னால், கையேட்டையே பின்பற்றுங்கள்.

துப்பாக்கியைக் காலி செய்வதில் அப்படி என்ன வரிசை இருக்கிறது? மேகசினைக் கழற்றினால் போதாதா?

போதாது. மேகசின் என்னும் தோட்டாப்பெட்டியைக் கழற்றிய பிறகும் சேம்பரில், அதாவது தோட்டா அமரும் அறையில், ஒன்று இருக்கலாம். முதலில் மேகசினை வெளியே எடுங்கள். பிறகு ஸ்லைடை, அதாவது குழலின் மேல் முன்பின் நகரும் மேல்பாகத்தை, பின்னுக்கு இழுத்துப் பூட்டுங்கள். சேம்பரைக் கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலை விட்டும் தொட்டுப் பாருங்கள். இவ்வளவு நேரமும் குழலின் வாய் பாதுகாப்பான திசையிலும் விரல் டிரிக்கருக்கு வெளியிலும் இருக்க வேண்டும்.

வரிசை மாறினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மேகசின் உள்ளே இருக்கும்போதே ஸ்லைடை இழுத்துவிட்டால் பழைய தோட்டா வெளியே விழும், புதிய தோட்டா உள்ளே ஏறும். பிறகு மேகசினைக் கழற்றிவிட்டு "காலி" என்று நம்புவீர்கள். சுத்தம் செய்யும்போது நேரும் விபத்துகளில் பலவற்றுக்கு வேர் இந்த ஒரு தவறுதான். கீழே வரும் எல்லாப் பதில்களும் இந்தச் சோதனையை முடித்துவிட்டீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டவை.

ரிவால்வர் சிக்கவே சிக்காது என்கிறார்கள். அப்படியானால் அதையே வாங்கிவிடலாமா?

ரிவால்வர் இயங்கத் தோட்டாவின் சக்தி தேவையில்லை, உங்கள் விரலின் சக்தி போதும். ஒரு தோட்டா வெடிக்காவிட்டாலும் அடுத்த அழுத்தலில் உருளை சுழன்று அடுத்த தோட்டா முன்னால் வரும். அந்த அளவுக்கு அந்தப் பேச்சு உண்மை. ஆனால் ரிவால்வரும் சிக்கும். வெற்றுக் கூடுகளைத் தள்ளும் நட்சத்திர வடிவத் தகட்டின் அடியில் எரியாத வெடிமருந்துத் துகள்கள் சேர்ந்தால் உருளை மூடாது, மூடினாலும் இறுக்கமாகச் சுழலும். தள்ளுகம்பி மறை கழன்றால் உருளை திறக்காது. பின்னுதைப்பின் வேகத்தில் ஒரு குண்டு கூட்டிலிருந்து முன்னே நகர்ந்துவிட்டால் உருளை அப்படியே பூட்டிக்கொள்ளும். மேகசினும் ஸ்லைடும் உள்ள பிஸ்டல் அடிக்கடி சிக்கலாம், பெரும்பாலும் சில நொடிகளில் சரியாகிவிடும். ரிவால்வர் அரிதாகச் சிக்கும், சிக்கினால் மேசையும் கருவியும் தேவைப்படும்.

பொழுதுபோக்குக்காகத் தொடங்குபவர் .22 எல்.ஆர். தோட்டா போடும் துப்பாக்கியில் தொடங்குவதே நல்லது. பின்னுதைப்பு குறைவு என்பதால் தவறான பழக்கங்கள் தொற்றுவதில்லை. ஒன்றை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். 1887-இல் வந்த இந்தத் தோட்டாவில் பற்றவைக்கும் வேதிப்பொருள் நடுவில் தனிக் கிண்ணமாக இல்லாமல், அடிவிளிம்பின் உள்மடிப்பில் பரவியிருக்கிறது. விளிம்பில் எங்கேனும் அது சரியாகப் பரவாவிட்டால் அந்த இடத்தில் அடி விழும்போது வெடிக்காது. ஆகவே .22-இல் வெடிக்காத தோட்டாக்கள் சற்று அதிகம்.

"சிக்கிவிட்டது" என்று சொன்னால் "எப்படிச் சிக்கியது" என்று கேட்கிறீர்களே, என்ன வித்தியாசம்?

வித்தியாசம் மிகப் பெரியது. பிஸ்டல் ஒரு முறை சுடும்போது வரிசையாகப் பல வேலைகள் நடக்கின்றன. மேகசினிலிருந்து தோட்டா மேலேறுகிறது, சேம்பரில் நுழைகிறது, ஸ்லைடு முழுதாக மூடுகிறது, ஃபயரிங் பின் என்னும் சிறு ஊசி தோட்டாவின் அடியில் அடிக்கிறது, தோட்டா வெடிக்கிறது, எக்ஸ்ட்ராக்டர் என்னும் சிறு கொக்கி வெற்றுக் கூட்டை இழுக்கிறது, எஜெக்டர் அதை வெளியே தட்டிவிடுகிறது. எந்தப் படியில் நின்றது என்று சொன்னால் காரணம் பாதி தெரிந்துவிடும்.

தோட்டாவின் மூக்கு சேம்பருக்குள் ஏறும் சரிவில் முட்டி நின்றால் மேகசினையும் தோட்டாவின் வடிவத்தையும் சந்தேகிக்க வேண்டும். வெற்றுக் கூடு ஸ்லைடின் வாயில் புகைபோக்கிபோல நிமிர்ந்து நின்றால் ஸ்லைடு போதிய தூரம் பின்னே போகவில்லை, அல்லது எக்ஸ்ட்ராக்டரோ எஜெக்டரோ சரியில்லை. வெற்றுக் கூடு சேம்பரிலேயே தங்கி, அதன் பின்னால் புதிய தோட்டா வந்து முட்டினால் எக்ஸ்ட்ராக்டரையும் அழுக்கான சேம்பரையும் பாருங்கள். இந்த மூன்றாவது வகையில் ஸ்லைடை வெறுமனே இழுத்து இழுத்து விடுவதால் பயனில்லை. ஸ்லைடைப் பூட்டி, மேகசினைப் பிடுங்கி எடுத்து, ஸ்லைடை இரண்டு மூன்று முறை இயக்கிச் சேம்பரைக் காலி செய்த பிறகே மீண்டும் நிரப்ப வேண்டும். சிக்கியவுடன் கை பரபரக்கும். ஒரு கணம் நிறுத்தி, என்ன தெரிகிறது என்று பாருங்கள். முடிந்தால் படமெடுத்து வையுங்கள்.

புதுத் துப்பாக்கி. பெட்டியைப் பிரித்து நேராகச் சுட்டேன், சிக்குகிறது. ஏமாந்துவிட்டேனா?

அவசரப்பட வேண்டாம். தொழிற்சாலையில் பூசப்படும் பசை பல நேரங்களில் துருப்பிடிக்காமல் காப்பதற்கானது. கிடங்கில் மாதக்கணக்கில் இருந்து அது கெட்டிப்பட்டிருக்கலாம். பிரித்து, துடைத்து, எண்ணெய் இட்டு, பிறகு சுடுங்கள். நெருக்கமான இடைவெளியுடன் செய்யப்பட்ட பிஸ்டல்கள் முதல் சில நூறு தோட்டாக்கள் வரை படிந்துவர நேரம் எடுக்கும். 200 தோட்டா தாண்டியும், நல்ல தொழிற்சாலைத் தோட்டாவிலும், ஒன்றுக்கு மேற்பட்ட மேகசினிலும் தொடர்ந்து சிக்கினால் உத்தரவாதத்தின் கீழ் திருப்பி அனுப்புங்கள். நீங்களாக அரத்தை எடுத்து எதையும் தேய்க்காதீர்கள். தேய்த்ததைத் திரும்ப ஒட்ட முடியாது.

எண்ணெய் எங்கே விட வேண்டும்? நிறைய விட்டால் நல்லதுதானே?

உலோகத்தில் உலோகம் உரசித் தேய்ந்து பளபளக்கும் இடங்களைத் தேடுங்கள், அங்கேதான் எண்ணெய் வேண்டும். ஸ்லைடு ஓடும் தண்டவாளம் போன்ற பள்ளங்கள், குழலின் வெளிப்புறம், குழல் ஸ்லைடுடன் பூட்டிக்கொள்ளும் மேடு ஆகிய ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு துளி போதும். விரலால் பரப்பிவிடுங்கள்.

எண்ணெய் போகக் கூடாத இடங்கள் அதைவிட முக்கியம். ஃபயரிங் பின் ஓடும் துளைக்குள் எண்ணெய் விடாதீர்கள். அது கரியோடு சேர்ந்து குழம்பாகி, அடியின் வேகத்தைக் குறைக்கும். மேகசினின் உட்புறமும் உலர்ந்தே இருக்கட்டும். அங்கே எண்ணெய் தூசியைப் பிடித்து வைக்கும், தோட்டாவின் பிரைமருக்குள், அதாவது மருந்தைப் பற்றவைக்கும் பகுதிக்குள், கசிந்து அதைச் செயலிழக்கவும் வைக்கலாம். சேம்பரும் குழலின் உட்புறமும் சுடுவதற்கு முன் துடைக்கப்பட்டிருக்க வேண்டும்.

வீட்டில் இருக்கும் டபிள்யூடி-40 ஸ்பிரே போதாதா?

அந்தப் பெயரே அதன் வேலையைச் சொல்கிறது. 1953-இல் உருவான அந்தத் திரவத்தின் பெயர் "நீரை வெளியேற்றுவது, 40-வது முயற்சி" என்பதன் சுருக்கம். மழையில் நனைந்த துப்பாக்கியிலிருந்து ஈரத்தை விரட்ட நல்லது. ஆனால் அதன் பெரும்பகுதி ஆவியாகிவிடும், மிஞ்சும் படலம் வேகமாக உரசும் பாகங்களுக்குப் போதாது. மேலும் அது இண்டு இடுக்குகளில் ஊடுருவும் என்பதால், முந்தைய பதிலில் சொன்ன "போகக் கூடாத இடங்களுக்கு" எளிதாகப் போய்விடும். துப்பாக்கிக்கென்று விற்கும் எண்ணெயில் ஒரு சிறு குப்பி மிக நீண்ட காலம் வரும்.

ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் முழுதாகப் பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டுமா?

கையேடு காட்டும் அளவுக்குப் பிரித்தால் போதும். ஸ்லைடு, குழல், ஸ்பிரிங், அடிச்சட்டம் என்ற நான்கு பாகங்களுக்கு மேல் வழக்கமாகப் போகத் தேவையில்லை. தவறான சுத்தமும் கெடுதல்தான். குழலைப் பின்பக்கத்திலிருந்து, அதாவது சேம்பர் பக்கத்திலிருந்து, துடையுங்கள். முன்பக்கத்திலிருந்து கம்பியை விட்டால் குழல்வாயின் விளிம்பில் உரசும். குண்டு கடைசியாகத் தொட்டுப் போகும் இடம் அது, அங்கே விழும் சிறு தேய்மானமும் குறியைக் கெடுக்கும். ரிவால்வரில் பின்பக்கம் அடைப்பு இருப்பதால் முன்பக்கம்தான் வழி. அங்கே கம்பி விளிம்பில் படாமல் காக்கும் சிறு வளையத்தைப் பயன்படுத்துங்கள். குழலுக்குப் பித்தளை அல்லது வெண்கலத் தூரிகை சரி, எஃகுத் தூரிகை வேண்டாம்.

.22 தனி இனம். அதன் ஈயக் குண்டின் மேல் மெழுகோ எண்ணெய்ப்பசையோ பூசியிருப்பார்கள். அதுவும் கரியும் சேர்ந்து எக்ஸ்ட்ராக்டர் கொக்கியின் அடியில் கெட்டியாக அடைந்துகொள்ளும். குழலைப் பளபளவென்று துடைத்துவிட்டு இந்தக் கொக்கியை மறப்பவர்களே அதிகம். பல் குத்தும் குச்சி ஒன்று போதும், ஒவ்வொரு முறையும் அங்கே தோண்டி எடுங்கள்.

பழைய இராணுவத் தோட்டாக்களைச் சுட்டேன், எண்ணெய் போட்டும் மறுவாரம் குழலில் துரு. எப்படி?

அந்தத் தோட்டாக்களின் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருந்திருக்கும். அது எரிந்தால் பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பு குழலில் படியும். சமையல் உப்பைப் போலவே அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் துருவை வரவழைக்கும். உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். எண்ணெய் போட்டபோது உப்பின் மேல் ஒரு போர்வை போர்த்தியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். அன்றே வெந்நீர் ஊற்றிக் கழுவி, நன்றாக உலர்த்தி, அதன் பிறகு எண்ணெய் இட வேண்டும்.

மேகசினை நிரப்பியே வைத்தால் ஸ்பிரிங் தளர்ந்துவிடும் அல்லவா?

நல்ல எஃகில் செய்த ஸ்பிரிங் அழுந்தி இருப்பதால் பெரிதாகத் தளர்வதில்லை. திரும்பத் திரும்ப அழுந்தி விரிவதால்தான் தேய்கிறது. பொழுதுபோக்குக்குச் சுடுபவர் வீட்டில் நிரப்பி வைக்கக் காரணமே இல்லை, அது வேறு விஷயம்.

நீங்கள் கவலைப்பட வேண்டியது மேகசினின் உதடுகளைப் பற்றி. தோட்டாவைப் பிடித்து, சரியான கோணத்தில் விடுவிக்கும் மேல்விளிம்புகள் அவை. நிரப்பிய மேகசின் சிமெண்ட் தரையில் உதடு கீழாக விழுந்தால் கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும், அதன் பிறகு ஒவ்வொரு முறையும் தோட்டா தவறான கோணத்தில் ஏறும். என்னிடம் பயின்ற ஒருவர் மூன்று வாரம் பிஸ்டலையே மாற்றிவிடலாம் என்று தவித்தார். அவருடைய மூன்று மேகசின்களிலும் எண் எழுதச் சொன்னேன். அடுத்த நாளே தெரிந்துவிட்டது, சிக்கியது எல்லாம் 2-ஆம் எண்ணில்தான். உங்கள் மேகசின்களின் அடியிலும் இன்றே எண் எழுதுங்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள்.

நான் சுட்டால் சிக்குகிறது, பயிற்சியாளர் சுட்டால் சிக்கவில்லை. துப்பாக்கிக்கு என் மேல் என்ன கோபம்?

உங்கள் பிடியில் காரணம் இருக்கலாம். ஸ்லைடு பின்னே போக வேண்டுமானால் அடிச்சட்டம் அசையாமல் நிற்க வேண்டும். மணிக்கட்டு தளர்ந்தால் சட்டமும் சேர்ந்து பின்னே போகும். ஸ்லைடுக்குக் கிடைக்க வேண்டிய சக்தி உங்கள் கையை அசைப்பதிலேயே செலவாகும். எடை குறைந்த பிளாஸ்டிக் சட்டப் பிஸ்டல்களில் இது கூடுதலாகத் தெரியும். இது வலிமைக் குறைவின் அடையாளம் அல்ல. பிடியின் உச்சி வரை கையை ஏற்றி, மணிக்கட்டை நேராகப் பூட்டிப் பிடித்தால் சிறிய கைகளிலும் நன்றாக இயங்கும்.

கடைசித் தோட்டா முடிந்தும் ஸ்லைடு பின்னால் நிற்கவில்லை என்றால், அதைத் தடுத்து நிறுத்தும் நெம்பின் மேல் உங்கள் கட்டைவிரல் அழுத்துகிறதா என்று பாருங்கள். பத்தில் பல முறை விடை அங்கேதான்.

டிரிக்கரை அழுத்தினேன், 'டிக்' என்று சத்தம் மட்டும் வந்தது. உடனே ஸ்லைடை இழுக்கலாமா?

போட்டியில் தேர்ந்தவர்கள் மேகசினைத் தட்டி, ஸ்லைடை இழுத்து, தொடர்ந்து சுடுவார்கள். நீங்கள் கற்றுக்கொண்டிருக்கும் காலத்தில் காத்திருங்கள். அரிதாகப் பிரைமர் தாமதமாகப் பற்றும். குழலை இலக்கின் பக்கமே வைத்து 30 நொடி எண்ணுங்கள். பிறகு மேகசினைக் கழற்றி, தோட்டாவை வெளியேற்றுங்கள். வெளியேறும் வாயை உள்ளங்கையால் மூடிப் பிடிக்காதீர்கள். வெடிக்காத தோட்டாவைப் பையில் போடாமல் சுடுதளத்தில் அதற்கென்று உள்ள பெட்டியில் போடுங்கள்.

வெடித்தது, ஆனால் 'பொத்' என்று மெல்லிய சத்தம். கை உதறவே இல்லை. அடுத்ததைச் சுடலாமா?

சுடாதீர்கள். இந்தப் பக்கத்திலேயே மிக ஆபத்தான கேள்வி இது. கூட்டில் மருந்து இல்லாமலோ மிகக் குறைவாகவோ இருந்து பிரைமர் மட்டும் வெடித்திருக்கலாம். அந்தச் சிறு சக்தி குண்டைக் குழலுக்குள் தள்ளிப் பாதியில் விட்டிருக்கும். அடுத்த குண்டு முழு வேகத்தில் வந்து அதன் மேல் மோதினால் குழல் வீங்கும், வெடிக்கவும் கூடும். மேலே சொன்ன 'தட்டி, இழுத்து, சுடு' பழக்கம் இங்கேதான் கையைப் பறிக்கும்.

விரலை எடுங்கள், களப் பொறுப்பாளரை அழையுங்கள், துப்பாக்கியைக் காலி செய்து பிரியுங்கள். கழற்றிய குழலின் பின்பக்கத்திலிருந்து வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் உள்ளே குண்டு இருக்கிறது. அதை எடுப்பது துப்பாக்கிப் பழுதுநீக்குநரின் வேலை. வீட்டில் நிரப்பிய தோட்டாக்களில் இது அதிகம் நேரும் என்றாலும் தொழிற்சாலைத் தோட்டாவிலும் நேரலாம். பக்கத்தில் சுடுபவரிடம் இந்தச் சத்தம் கேட்டால் கூச்சப்படாமல் "நிறுத்துங்கள்" என்று உரக்கச் சொல்லுங்கள்.

வெடிக்காத தோட்டாவை மறுபடி போட்டால் வெடிக்கிறது. கோளாறு தோட்டாவிலா, துப்பாக்கியிலா?

பிரைமரில் விழுந்த தடத்தைப் பாருங்கள். தடம் ஆழமாக, நடுவில் இருந்தும் வெடிக்கவில்லை என்றால் பெரும்பாலும் தோட்டாவின் குறை. தடம் மேலோட்டமாக இருந்தால் ஃபயரிங் பின்னின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், அதன் துளையில் எண்ணெய்க் குழம்பு இருக்கலாம், அல்லது ஸ்லைடு முழுதாக மூடாமல் இருந்திருக்கலாம். இன்னொரு சாத்தியமும் உண்டு. பிரைமர் சரியாக ஆழ்ந்து அமராத தோட்டாவில் முதல் அடி அதை உள்ளே தள்ளி அமர வைப்பதோடு முடிந்துவிடும், இரண்டாவது அடியில் வெடிக்கும். ஒரே பெட்டித் தோட்டாவில் மட்டும் வந்தால் பெட்டியையும், எல்லாப் பெட்டியிலும் வந்தால் துப்பாக்கியையும் சந்தேகியுங்கள். .22-இல் விளிம்பின் வேறு இடத்தில் அடி விழுவதால் இரண்டாம் முறை வெடிப்பது சாதாரணம்.

டிரிக்கர் கனமாக இருக்கிறது. மென்மையான ஸ்பிரிங் வாங்கிப் போட்டால் குறி நன்றாக விழுமா?

விழலாம். கூடவே முந்தைய கேள்வியின் கோளாறும் வரலாம், ஏனெனில் பல வடிவமைப்புகளில் அடியின் வேகத்தைத் தருவதும் அதே ஸ்பிரிங் தொகுதிதான். போட்டி விதிகளிலும் குறைந்தபட்ச எடை உண்டு. சர்வதேசப் போட்டிகளில் 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்கு 500 கிராம், 25 மீட்டர் பிஸ்டலுக்கு 1000 கிராம். அந்த எடையைத் தொங்கவிட்டு டிரிக்கர் தாங்குகிறதா என்று பார்ப்பார்கள். புதிய பாகத்தைவிட, தோட்டா இல்லாமல் டிரிக்கரை அழுத்தும் வெற்றுப் பயிற்சி உங்கள் குறியை அதிகம் திருத்தும் என்பது என் உறுதியான கருத்து.

தோட்டா இல்லாமல் டிரிக்கரை அழுத்திப் பயிற்சி செய்தால் துப்பாக்கி கெடாதா?

நடுவில் பிரைமர் உள்ள தோட்டாக்களுக்கான இன்றைய பிஸ்டல்கள் பெரும்பாலானவற்றில் கெடாது. போலித் தோட்டா போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது. .22-இல் கையேடு அனுமதித்தால் மட்டுமே செய்யுங்கள். அங்கே ஃபயரிங் பின் விளிம்பில் அடிக்கும்படி அமைந்திருப்பதால், தோட்டா இல்லாதபோது அது சேம்பரின் ஓரத்தையே கொத்தி வடுவாக்கக்கூடும். பிறகு தோட்டா நுழையவும் வெளியேறவும் சிரமப்படும். பயிற்சி செய்யும் அறையில் உண்மைத் தோட்டா ஒன்றுகூட இருக்கக் கூடாது. பயிற்சி முடிந்ததும் "முடிந்தது" என்று வாய்விட்டுச் சொல்லி எடுத்து வையுங்கள். "இன்னும் ஒரே ஒரு முறை" என்று திரும்ப எடுப்பதில்தான் விபத்து நேர்கிறது.

காதில் பஞ்சு வைத்துக்கொண்டால் போதாதா? .22-க்குச் சத்தம் குறைவுதானே?

போதாது. துப்பாக்கிச் சத்தம் ஏறத்தாழ எல்லா வகையிலும் 140 டெசிபலைத் தாண்டும், பெரும்பாலான கைத்துப்பாக்கிகள் 150-ஐயும் தாண்டும். அந்த அளவில் ஒரே ஒரு சத்தம்கூட நிரந்தரச் சேதம் செய்யலாம். உட்காதின் மயிர்ச்செல்கள் செத்தால் மீண்டும் முளைப்பதில்லை. கூரையுள்ள சுடுதளத்தில் காதடைப்பானும் அதன்மேல் காதுமூடியும் இரண்டும் அணியுங்கள். இரண்டின் அளவும் கூட்டலாகச் சேராது, பெரியதன்மேல் ஏறத்தாழ 5 டெசிபல் கூடும். அந்த 5 மதிப்புள்ளது. நுரை அடைப்பானை மெல்லிய திரியாக உருட்டி, மறுகையால் காது மடலை மேலே இழுத்து, ஆழமாகச் செருகி, விரியும்வரை பிடித்திருங்கள். கண்ணாடியின் காம்பு தடிமனாக இருந்தால் காதுமூடியில் இடைவெளி விழும், மெல்லிய காம்பையே தேடுங்கள்.

என் மூக்குக்கண்ணாடியே பாதுகாப்புக் கண்ணாடி ஆகாதா?

ஆகாது. மோதலைத் தாங்கும் தரக்குறி உள்ள கண்ணாடி வேண்டும். கண்ணாடிச் சட்டகத்தில் இசட்87+ அல்லது ஈஎன் 166 என்று பொறித்திருக்கும். பார்வைக் கண்ணாடியின் மேலேயே அணியும் வகையும் உண்டு. தலையில் முன்விளிம்புத் தொப்பி, கழுத்து வரை மூடிய சட்டை. சூடான வெற்றுக் கூடு கழுத்துக்குள் விழும்போது, கையில் துப்பாக்கியோடு துள்ளித் திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

துணியால் ஆன இடுப்புறை மென்மையாக வசதியாக இருக்கிறது. அதில் என்ன குறை?

உறை டிரிக்கர் பாதுகாப்பு வளையத்தை முழுதாக மூட வேண்டும், துப்பாக்கியை எடுத்த பிறகும் வாய் திறந்தே நிற்க வேண்டும். துணி உறை இரண்டிலும் தோற்கும். மடிந்த விளிம்போ சட்டை நுனியோ டிரிக்கருக்குள் நுழைந்தால், உள்ளே தள்ளும் கையே சுட்டுவிடும். தேய்ந்து தொய்ந்த தோல் உறைக்கும் இதே குறை உண்டு. பல சுடுதளங்களில் உறையிலிருந்து எடுத்துச் சுட அனுமதியே இல்லை. அங்கே பூட்டுள்ள பெட்டி போதும். வீட்டிலும் தோல் உறைக்குள் வைத்துப் பூட்டாதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துத் துருவைக் கொண்டுவரும்.

சுட்டுவிட்டு வந்தால் கையெல்லாம் கரி. சாப்பிடுவதற்கு முன் துடைத்தால் போதுமா?

அந்தக் கரியில் ஈயமும் இருக்கிறது. பிரைமர்கள் பெரும்பாலானவற்றில் ஈயச் சேர்மம் உண்டு, குண்டின் அடியிலிருந்தும் ஈயம் ஆவியாகும். துடைத்தால் போகாது, சோப்பும் குளிர்ந்த நீரும் கொண்டு கழுவுங்கள். களத்தில் எதையும் உண்ணாதீர்கள், பருகாதீர்கள். அந்த உடையைத் தனியாகத் துவையுங்கள். குழந்தையைத் தூக்குவதற்கு முன் சட்டையை மாற்றுங்கள். சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கிறது.

எல்லாம் செய்து பார்த்துவிட்டேன். இன்னும் சிக்குகிறது.

"எல்லாம்" என்பதை ஒரே நாளில் செய்திருந்தால் எதனால் சரியாகவில்லை என்று தெரியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், எழுதி வையுங்கள். முதலில் தோட்டாவின் வகை. அடுத்து மேகசின், எண் பார்த்து. அடுத்து வேறொருவரின் கை. அடுத்து சுத்தமும் எண்ணெயும். கடைசியாக ஸ்லைடைத் திரும்ப மூடும் ஸ்பிரிங். காலியான துப்பாக்கியைச் சற்று மேல்நோக்கிப் பிடித்து ஸ்லைடைப் பின்னிழுத்து மெதுவாக விடுங்கள். அது தானாக முழுதும் மூட வேண்டும், பாதியில் நின்றால் ஸ்பிரிங்கை மாற்றுங்கள். எத்தனை தோட்டாவுக்கு ஒரு முறை மாற்றுவது என்பது வடிவத்துக்கு வடிவம் வேறுபடும். கையேட்டில் இருக்கும் எண்ணை உங்கள் குறிப்பேட்டில் முதல் பக்கத்தில் எழுதுங்கள், சுட்ட எண்ணிக்கையையும் கூட்டிக்கொண்டே வாருங்கள்.

சில அறிகுறிகள் தெரிந்தால் இந்த வரிசையெல்லாம் வேண்டாம். ஒரு அழுத்தலில் இரண்டு முறை வெடித்தால், ஸ்லைடு மூடும்போதே வெடித்தால், பாதுகாப்பு விசை போட்டும் டிரிக்கர் இயங்கினால், ஸ்லைடிலோ குழலிலோ விரிசலோ வீக்கமோ தெரிந்தால், அந்த நொடியிலேயே நிறுத்திக் காலி செய்யுங்கள். தகுதியுள்ள பழுதுநீக்குநர் பார்த்துத் திருப்பித் தரும்வரை அதில் ஒரு தோட்டாகூட ஏறக் கூடாது.